ஐறீனின் கால் எட்டும் வண்டி

கொட்டாஞ்சேனையில் ஐறீனை எல்லோரும் ‘சின்ன மிஸ்’ என்பார்கள். பெரிய மிஸ் என்று அங்கே யாரும் இல்லை. அவளுடைய உயரம் நாலடி ஒன்பது அங்குலம். அதை நேரே சொல்ல விரும்பாத மரியாதைதான் அந்தப் பெயர். முப்பத்தாறு வயது வரைக்கும் அந்த உயரம் அவளுக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. பஸ்ஸில் மேற்கம்பி எட்டாது, அவ்வளவுதான். கொழும்புப் பஸ்ஸில் விழுவதற்கு இடம் இருந்தால்தானே எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு மாடியில் இருந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. நிலையத்துக்குள் இருக்கும் வேலை அல்ல. வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து வருவது. சண்டைக்குத் தப்பி வந்து, பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டு, தங்களுக்கும் விசா வரும் என்று பிளாட்டுகளில் இருந்த வயதானவர்களுக்கு அந்த நாட்களில் இரண்டே வேலைகள் இருந்தன. ஒன்று தொலைபேசி அடிக்கும்வரை காத்திருப்பது. மற்றது இரத்தத்தில் சீனி பார்ப்பது. இரண்டாவது வேலைக்கு ஐறீன் வேண்டியிருந்தது. மற்றவர்கள் மூன்று தடவை குத்தித் தேடும் நரம்பை அவள் விரல் நுனியால் ஒரே தடவையில் கண்டுபிடித்துவிடுவாள். “முடிஞ்சுது” என்று அவள் சொன்ன பிறகுதான் ஊசி ஏறியதே பலருக்குத் தெரியும். அவளைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்லக்கூடிய நல்ல விஷயம் இது ஒன்று. மற்றபடி அவள் யார் சொன்னாலும் முதலில் கேட்டுவிடுவாள். பிடிவாதம் எல்லாம் பிறகுதான் வரும்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் கடைசியில், நிலையத்தின் சொந்தக்காரர் சுந்தரலிங்கம் அவளைக் கூப்பிட்டார். கொட்டாஞ்சேனை வீடுகளில் எடுத்த இரத்தத்தோடு வெள்ளவத்தைக்கு அப்போது பஸ்ஸில் வருவதென்றால், சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏற வேண்டும். அதற்குள் இரத்தக் குழாய்ப் பெட்டியில் ஐஸ் கரைந்துவிடும்.

“ஐறீன், நீர் காலமை எடுக்கிற இரத்தம் மத்தியானந்தான் இஞ்ச வந்து சேருது,” என்றார் சுந்தரலிங்கம். “அது இரத்தமில்லை. ரசம்.”

“பஸ் அப்பிடித்தானே சேர் வருது.”

“அதுதான் சொல்லுறன். மாசி முதலாந் திகதிக்கிடையில நீர் ஒரு மோட்டார் சைக்கிள் எடும். பைக் வைச்சிருக்கிற ஒரு ஆள் வேலை கேட்டு வந்து போயிருக்கிறார். நான் அவருக்கு ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை.”

“எனக்கு ஓடத் தெரியாது சேர்.”

“பழகினால் தெரியுந்தானே.”

தமக்கே எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது என்பதை அவர் அந்த இடத்தில் சொல்லவில்லை. அவரிடம் காரும் இருந்தது, காரை ஓட்ட ஓர் ஆளும் இருந்தார்.

ஐறீன் மருதானையில் ஒரு பயிற்சிக்காரரிடம் போய்ப் பழகினாள். பழக்கும் வண்டி சின்னது, அடிபட்டுப் பழகியது. அனுமதிப் பத்திரத்துக்கான பரீட்சையில் எட்டுப் போட வேண்டும்: நிலத்தில் கீறிய எட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டி வருவது. கால் நிலத்தில் பட்டால் தோல்வி. ஐறீனுக்கு அது ஒரு கஷ்டமாகவே படவில்லை. மாதா கோயிலின் நீள வாங்கிலும் பஸ் சீற்றிலும் கால் நிலத்தில் படாமல் இருந்தே வளர்ந்தவள். உயரமான ஆண்கள் நாலு பேர் கால் ஊன்றித் தோற்றுப்போன அந்தக் காலையில் அவள் முதல் தடவையிலேயே தேறினாள்.

இனி வண்டி வாங்க வேண்டும். அந்தப் பொறுப்பை அண்ணன் பேர்னாட் எடுத்துக்கொண்டார், யாரும் கொடுக்கவில்லை. அவர் துறைமுகத்தில் கிளார்க். மோட்டார் சைக்கிளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, ஓட்டுவதைத் தவிர. அவருடைய கூட்டாளி ஒஸ்வால்ட் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார் என்பதும், ஒஸ்வால்டின் கறுப்பு நூற்றிருபத்தைந்து சீசீ வண்டி விலைக்கு வருகிறது என்பதும் அவருக்கு ஒரே நாளில் தெரிய வந்தன. அதற்குப் பிறகு அவர் வேறு எந்த வண்டியையும் பார்க்கவில்லை.

ஒஸ்வால்டின் வீட்டு வாசலில் ஐறீனை அதன்மேல் ஏற்றினார்கள். ஏற்றினார்கள் என்பதுதான் சரி.

“ரோட்டுல ஒருத்தன் உன்ன மதிக்கணும் எண்டா வண்டி பெரிசா இருக்கணும்,” என்றார் பேர்னாட். “சின்னதுல போனா பஸ்காரன் தட்டிட்டுப் போயிருவான்.”

“எனக்குக் கால் எட்டுதில்ல அண்ணா.”

“பெருவிரல் எட்டுதுதானே?”

“ஒரு பெருவிரல்.”

“ஓடக்குள்ள காலுக்கு என்ன வேலை? ஒண்டு கியருக்கு, ஒண்டு பிறேக்குக்கு. நிலத்துல அதுக்கு வேலையே இல்ல.”

இந்த வாதத்தில் பிழை எதுவும் இல்லை. ஓடும் வண்டிக்குக் கால் ஊன்றத் தேவையில்லைதான். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை இருந்தது. அதை வாதத்துக்குள் தேடினால் கிடைக்காது. ஐறீன் கேட்டுக்கொண்டாள். கறுப்பு வண்டி வீட்டுக்கு வந்தது.

வந்த பிறகு கால் எட்டுமா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கையில் இரண்டு தரம் சரிந்து விழுந்தாள். இரண்டாம் தரம் பேர்னாட் ஒரு தீர்வோடு வந்தார்.

“வண்டியக் குறைக்க ஏலாது. ஆளை உயர்த்தலாம்.”

ஜம்பட்டா வீதியில் சப்பாத்துத் தைக்கும் பேதுரு, வேலை தெரிந்த மனிதர். வேலை தெரிந்தவர்கள் சொன்னதோடு நிறுத்த மாட்டார்கள் என்பதுதான் சங்கடம். ஐறீனின் சப்பாத்துக்கு இரண்டரை அங்குலம் அடி வைக்கச் சொன்னால், அவர் அதைவிடக் கொஞ்சம் கூடவே யோசித்தார்.

“முழு ரப்பரா வச்சா காலத் தூக்க மாட்டீங்க மிஸ்,” என்றார். “அதான் உள்ளுக்குக் கொடஞ்சி, பேப்பர் அடச்சி ஒட்டியிருக்கேன். போட்டுப் பாருங்க, பஞ்சு மாதிரி இருக்கும்.”

பஞ்சு மாதிரித்தான் இருந்தது. இரண்டு பாதங்களின் முன்பகுதியும் நிலத்தைத் தொட்டன. ஐறீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓட்டிப் பழகினாள். வீட்டுக்குள்ளும் அந்தச் சப்பாத்தோடு நடந்து பார்த்தாள். அலுமாரியின் மேற்பக்கத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்டாள். தூசியாக இருந்தது.

தை மாதம் மூன்றாம் வாரத் திங்கட்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு, கொட்டாஞ்சேனையில் மயிலம்மா என்ற முதியவளிடம் இரத்தம் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வெள்ளவத்தை வரைக்கும் ஆறு சாவடிகள். முதல் இரண்டும் சிக்கலில்லை. மூன்றாவதில் ஒரு பொலிஸ்காரி கையைக் காட்டி மறித்தாள். அடையாள அட்டையைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து இரத்தக் குழாய்களைப் பார்த்தாள். நிலையத்தின் கடிதத்தைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன.

“பஹின்ன,” என்றாள். இறங்கு என்று அர்த்தம். மறித்துவிட்டால் சாவடிக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்; அது எல்லோருக்கும் உள்ள விதி.

ஐறீன் இறங்கித் தள்ளினாள். ஒவ்வோர் அடிக்கும் தார் வீதியில் டொக், டொக் என்று பெட்டியைத் தட்டுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. நாலாவது அடியில் பொலிஸ்காரி திரும்பினாள்.

“மொக்கத மே?” என்று சப்பாத்தைக் காட்டிக் கேட்டாள்.

இது என்ன என்ற கேள்விக்கு ஐறீன் தன் சிங்களத்தில் உண்மையைச் சொன்னாள்: நான் கட்டை, வண்டி உயரம், அதனால் சப்பாத்து. மூன்றும் தனித்தனியே நம்பக்கூடியவை. சேர்த்துச் சொன்னபோது கட்டுக்கதைபோல இருந்தன. பொலிஸ்காரி ஒரு சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, மணல் நிரப்பிய தகரப் பீப்பாயில் தட்டினாள். உள்ளே வெறுமை என்பது பீப்பாய்க்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்டது. இரண்டு சிப்பாய்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

கத்தி வந்தது. பேதுருவின் தையல் நல்ல தையல். அடியைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. உள்ளேயிருந்து கசங்கிய தாள் வந்தது. விரித்தால் தமிழ் எழுத்து.

தமிழர் ஒருவரின் சப்பாத்து அடியில், மடித்து ஒளித்து, தமிழில் எழுதிய தாள். அது என்ன என்று அறிய வாசித்தால் போதும். ஆனால் அந்தச் சாவடியில் வாசிக்கத் தெரிந்தவர் ஐறீன் ஒருத்திதான். அவள் வாசித்தால் அது சாட்சி ஆகாது. சார்ஜன்ட், தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிளைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினார். ஐறீன் வெறுங்காலோடு மணல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஐஸ் பெட்டி. ஒரு மணி நேரத்துக்கு மேலாகியது. அவள் நினைத்துக்கொண்டிருந்தது சிப்பாய்களைப் பற்றி அல்ல. பெட்டிக்குள் கரையும் ஐஸைப் பற்றி, அதன் பின்னால் நிற்கும் மாசி முதலாந் திகதியைப் பற்றி.

மாத்தளைப் பக்கத்தவரான கொன்ஸ்டபிள் வந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். பழைய பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல். கிருலப்பனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் செல்லையா காலமானார். கிரியைகள் சனிக்கிழமை.

“யார் இந்தச் செல்லையா?” என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

“எனக்குத் தெரியாது.”

“தெரியாத ஆளை ஏன் காலுக்கடியில் வைத்திருக்கிறாய்?”

ஐறீன் எழுந்துபோய் வெறுங்காலோடு வண்டியில் ஏறிக் காட்டினாள். கறுப்பு வண்டியின்மேல் அவள், கீழே ஒரு பெருவிரல் மட்டும் வீதியைத் தேடிக்கொண்டு. வண்டி சரிந்தது. பின்னுக்கு நகர்ந்து நின்ற சிப்பாயே ஓடிவந்து பிடித்தான். முதலில் அவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாகச் சிரித்த சார்ஜன்ட், செல்லையாவின் பெயரையும் விலாசத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டு அவளைப் போகச் சொன்னார்.

அடி பிரிந்த சப்பாத்தோடு அந்த வண்டியை ஓட்ட முடியாது. வெள்ளவத்தை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். மிச்சம் இருந்த மூன்று சாவடிகளிலும் ஒரே விசாரணை. வண்டி பழுதா? இல்லை. பெற்றோல் இல்லையா? இருக்கிறது. அப்படியென்றால் ஏன் தள்ளுகிறாய்?

நிலையத்தில் சுந்தரலிங்கம் குழாயைக் கையில் எடுத்தார்.

“எத்தினை மணிக்கு எடுத்தது?”

“ஆறே முக்கால் சேர்.”

“இப்ப பத்தரை.” ஜன்னலால் கீழே எட்டிப் பார்த்தார். “பைக் நல்ல பைக்தானே. பிறகென்ன?”

சப்பாத்துக் கதையைச் சொன்னால் அவரும் சிரிப்பார். ஒரு நாளைக்கு அவ்வளவு சிரிப்புப் போதும்.

மறுநாள் மயிலம்மாவுக்கு மறுபடி குத்த வேண்டியிருந்தது. “நேத்துதானே எடுத்தீங்க மிஸ், அது என்னாச்சு?” என்றாள் கிழவி.

“கெட்டுப்போச்சும்மா.”

“என் ரத்தமா, ஒங்க வண்டியா?”

ஐறீன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு நரம்பைத் தவறவிட்டாள்.

மாலையில் கறுப்பு வண்டியை மருதானைக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஓட்ட, இவள் பின்னால் இருந்து. அவள் பழகிய இடத்துக்கு அருகே ஸமீமின் கராஜ். ஸமீம் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“சீற்றச் சீவினா ரெண்டு இஞ்சி உயரம் கொறயும்,” என்றார். “ஷொக்க எறக்கினா இன்னும் ஒண்டு. அதுக்குப் பொறகு கெடங்குல எறங்கினா வண்டி நெஞ்சாலதான் போகும். மிஸ், கோவிக்க வாணாம். இது நீங்க வாங்கின பைக் இல்ல. ஒங்கட நானா வாங்கினது.”

“அண்ணன்தான் பாத்துச் சொன்னது.”

“அவர் ஓடுவாரா?”

“இல்ல.”

“அதான் நல்லாச் செல்லிரிக்காரு.” ஸமீம் கையைத் துடைத்துக்கொண்டார். “ஒரு நாளைக்கி எத்தன எடத்துல நிப்பாட்டுவாங்க?”

ஐறீன் எண்ணினாள். போக ஆறு, வர ஆறு, இடையில் சிவப்பு வெளிச்சச் சந்திகள். “இருபது தரம் வரும்.”

“அப்ப ஓடிப் பாக்க வாணாம். ஓடுறது எல்லாம் ஓடும். நிண்டு பாருங்க.”

கராஜ் முற்றத்தில் விற்பனைக்கு நாலு வண்டிகள் நின்றன. ஸமீம் இரண்டு ஒயில் பீப்பாய்களை மூன்றடி இடைவெளியில் வைத்தார். ஒவ்வொரு வண்டியிலும் ஏறி இருக்க வேண்டும். ஒற்றைக் கையால் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுக்க வேண்டும், நீட்ட வேண்டும், திரும்ப வைக்க வேண்டும். பிறகு இறங்கி, பீப்பாய்களுக்கு நடுவால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு தரம் அல்ல, ஐந்து தரம். முதல் வண்டியில் அட்டையை எடுக்கும்போது சரிந்தாள். இரண்டாவது உயரம் குறைவுதான், ஆனால் சீற்று அகலம்; கால் அகன்று நிலம் தூரப் போனது. உயரத்தை மட்டும் பார்ப்பது பிழை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவதை ஐந்தாம் தரம் தள்ளும்போது மூச்சு வாங்கியது.

நாலாவது, சாலி என்று ஊரெல்லாம் சொல்லும் சின்னச் சில்லுகளில் ஓடும் மோட்டார் வண்டி. தெஹிவளையில் கேக் செய்து விற்ற ஓர் அம்மாவுடையது. முன்னால் கம்பிக் கூடை. யாரோ தூரிகையால் மஞ்சள் பூசியிருந்தார்கள்; தூரிகையின் மயிர் இரண்டு பூச்சோடு ஒட்டியிருந்தன. ஐறீன் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் குதிகாலோடு நிலத்தில் இருந்தன. அவள் அட்டையை எடுத்தாள், நீட்டினாள், வைத்தாள். பிறகு, ஸமீம் கேட்காமலே, கையிரண்டையும் விட்டுவிட்டுத் தலைமயிரைக் கட்டிக்கொண்டாள்.

“வேகம் வராது மிஸ். அதயும் செல்லிரணும்,” என்றார் ஸமீம்.

“எங்க போய் வேகமா ஓட?” என்றாள் ஐறீன்.

கறுப்பைக் கொடுத்து மஞ்சளை எடுத்தாள். பேர்னாட் வாசலில் நின்று அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இது சர்க்கஸ்ல கரடி ஓட்டுறது.”

“கரடிக்குக் கால் எட்டுமா அண்ணா?”

“எட்டும்.”

“அப்ப சரி.”

தை மாதத்தின் கடைசி வேலை நாள். அன்று ஒன்பது மணிக்கு, பைக் வைத்திருக்கும் அந்த ஆளையும் சுந்தரலிங்கம் வரச் சொல்லியிருந்தார். ஐறீனுக்கு அது தெரியும். ஏழரைக்குக் கொட்டாஞ்சேனையில் மூன்று வீடுகளில் இரத்தம் எடுத்து முடித்து, கம்பிக் கூடைக்குள் பெட்டியை வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

முதல் சாவடியில் சிப்பாய் மஞ்சள் வண்டியைக் கண்டு பக்கத்தில் நின்றவனின் தோளைத் தட்டினான். இருவரும் சிரித்துக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார்கள். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் அதே பொலிஸ்காரி. அவள் சிரிக்கவில்லை. வண்டியைப் பார்த்தாள், பிறகு குனிந்து ஐறீனின் கால்களைப் பார்த்தாள். றப்பர் செருப்பு. தூக்கிக் காட்டு என்று சைகை செய்தாள். ஐறீன் ஒரு காலைத் தூக்கிச் செருப்பின் அடியைக் காட்டினாள். மற்றக் கால் வீதியில் நின்றது. வண்டி அசையவில்லை. பிறகு மற்றக் காலையும் காட்டினாள். அதற்கும் அசையவில்லை. பொலிஸ்காரி உள்ளே திரும்பிச் சார்ஜன்டிடம் என்னவோ சொன்னாள்; உள்ளேயிருந்து ஒரு பெரிய சிரிப்பு வந்தது.

ஆறு சாவடிகளிலும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஐறீனுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு சிரிப்புகளும் சேர்ந்து எடுத்த நேரம், முன்பு ஒரு சந்தேகம் எடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கும் இல்லை என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொண்டாள். மதிப்பு வேண்டும் என்று பெரிய வண்டியில் போகிறவர்களைத்தான் மறிக்கிறார்கள் என்பதையும் வழியில் கவனித்துக்கொண்டு போனாள்.

எட்டே முக்காலுக்கு நிலையத்தின் படி ஏறினாள். சுந்தரலிங்கம் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தன. மணிக்கூட்டைப் பார்த்தார். ஜன்னலால் கீழே பார்த்தார்.

“உதிலயே வந்தனீர்?”

“ஓம் சேர்.”

“அண்டைக்கு வந்த கறுப்புப் பைக் எங்க?”

“குடுத்திட்டன்.”

“அது நல்ல பைக் எல்லோ. உதைப் பார்த்தால் எங்கட இடத்தைப் பற்றிச் சனம் என்ன நினைக்கும்?”

“அது நல்லா ஓடும் சேர். எனக்கு நிக்க ஏலாது.”

சுந்தரலிங்கம் ஜன்னலை விட்டு மேசைக்குத் திரும்பினார். ஒன்பது மணியானது. ஒன்பதேகாலும் ஆனது. ஐறீன் வேலை போனதா இருக்கிறதா என்று தெரியாமல், குழாய்களில் பெயர்த்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. சுந்தரலிங்கம் எடுத்துக் காதில் வைத்தார்.

“ஓம்... எந்தச் சாவடியில?... என்னத்துக்காம்?... பைக்கின்ர நம்பரையோ?... எப்ப விடுவாங்களாம்?... சரி, சரி, நீர் அங்கயே நில்லும்.”

தொலைபேசியை வைத்தார். பிறகு மேசையில் இருந்த பட்டியலை எடுத்து ஐறீனின் பக்கம் தள்ளினார்.

“செவ்வாய்க்கிழமை தெஹிவளையில ரெண்டு வீடு இருக்கு. அதையும் சேர்த்து நீரே பாரும்.”

“சரி சேர்.”

“ஒண்டு. அந்த மஞ்சள் சாமானை வீதிப் பக்கம் நிப்பாட்டாதேயும். வாற சனம் பாக்கும். பின்பக்கத்தில விடும்.”

ஐறீன் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“பின்பக்கம் மேடு பள்ளம் சேர்,” என்றாள். “அங்க எனக்குக் கால் எட்டாது.”

பின்பக்கம் சீமெந்து போட்ட தட்டையான முற்றம். ஆனால் சுந்தரலிங்கம் அங்கே ஒருநாளும் போனவரல்ல. மஞ்சள் வண்டி அடுத்த ஆறு வருடங்களுக்குக் காலி வீதியைப் பார்த்துக்கொண்டு, நிலையத்தின் பெயர்ப்பலகைக்கு நேர் கீழேயே நின்றது.